கார்டு கீர்டு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஊரே சொல்லும், நானும் மறுப்பதில்லை. ஆனால் வந்த வேகத்தில் போயும்விடும். அண்ணியைச் சட்டைக் கம்பெனி வாசலில் நிறுத்தி வைத்த அன்று வந்தது மட்டும் இன்னும் போகவில்லை. அதனால் இதை அமைதியாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அண்ணி அந்தக் கம்பெனியில் காலர் தைக்கிறவள். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு பதினோரு வருடம் ஆகிறது. அன்று மாலை ஷிப்ட் முடிந்து பெண்கள் வெளியே வருகிற நேரத்தில் இரண்டு காவலர்கள் கேட்டில் நின்று அடையாள அட்டை கேட்டிருக்கிறார்கள். எல்லைக்கு ஏழு கிலோமீட்டரில் இருக்கிற ஊரில் இது புதிதில்லை. அண்ணி பையைத் துழாவினாள். சாப்பாட்டு டப்பா இருந்தது, நூல்கண்டு இருந்தது, கார்டு இல்லை.

"கார்டு கீர்டு எல்லாம் வீட்டுல இருக்குங்க. நாளைக்குக் கொண்டு வரவா?" என்றாள்.

காவலர் நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டார். கார்டு கொண்டு வராததை அல்ல. 'கீர்டு' என்று சொன்னதை.

சேதி தெரிந்ததும் அண்ணன் வீட்டுக்கு ஓடிப்போய்க் கார்டை எடுத்து வந்து காட்டினான். அது போதாதாம். 'அடையாளம் நான்கு' பதிவாகிவிட்டதாம். பதிவான பிறகு கார்டே சந்தேகத்துக்குரியதாம். மூன்று வாரம் கழித்து நடக்கும் விசாரணையில், தான் அந்தப் பக்கத்துக்காரி இல்லை என்று அண்ணிதான் நிரூபிக்க வேண்டும். தவறினால் கார்டைப் பிடுங்கிக்கொண்டு ஒரு பையோடு எல்லைக்கு அப்பால் இறக்கிவிடுவார்கள். அங்கே அவளுக்கு ஒரு ஒன்றுவிட்ட சித்தப்பாகூடக் கிடையாது. இங்கே ஆறு வயதில் மகள் இருக்கிறாள்.

அண்ணன் வாயில்லாப் பூச்சி. "சரிங்க ஐயா" என்று நோட்டீஸை இரண்டு கையாலும் வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தான். கம்பெனி சூப்பர்வைசர் வேறு பெண்கள் முன்னால், "நுணலும் தன் வாயால் கெடும்" என்று பழமொழி சொன்னாராம். அவருடைய வாயைத் தைக்க அங்கே எத்தனையோ மெஷின் இருக்கிறது. வீட்டில் கோபப்பட வேறு ஆள் இல்லாததால் மூன்று பேருக்கும் சேர்த்து நானே பட வேண்டியதாயிற்று.

வக்கீலைப் போய்ப் பார்த்தோம். அவர் ஒரு சின்னப் புத்தகத்தின் நகலை மேசை மேல் தள்ளினார். 'எல்லைப்புற அடையாளக் குறிப்புகள்.' அந்தப் பக்கத்து ஆட்களைக் கண்டுபிடிக்கப் பத்தொன்பது வழிகள். ஒன்று: விரல்களை நீட்டி எண்ணாமல் விரற்கணுக்களைத் தொட்டு எண்ணுவர். இரண்டு: விடைபெறும்போது 'போகிறேன்' என்னாமல் 'போய்விட்டு வருகிறேன்' என்றும், வழியனுப்பும்போது 'போய்விட்டு வாருங்கள்' என்றும் கூறுவர். மூன்று: 'இல்லை' என்பதற்கு வாய் திறக்காமல் நாக்கைத் தட்டி ஓசை எழுப்புவர். நான்கு: ஒரு பெயரைச் சொன்னபின் அதன் முதலெழுத்தைக் 'கி' அல்லது 'கீ' ஆக்கி மறுபடியும் சொல்வர். ஐந்து: வழி கேட்டால் கையை நீட்டாமல் தாடையால் காட்டுவர். இப்படியே போகிறது.

பென்சிலை வாங்கி எனக்குப் பொருந்துவதற்கெல்லாம் டிக் போட்டேன். பத்தொன்பதும் பொருந்தியது. எண்ணிப் பார்த்தது விரற்கணுவில்தான்.

"இதுல நமக்குப் பொருந்தாதது எது சார்?"

"அதெல்லாம் நமக்கு எதுக்கும்மா? நாலாம் நம்பரை மட்டும் பாருங்க. விசாரணையில அவங்க வாயிலேருந்து ஒரு கீ வரக்கூடாது. ஒண்ணு வந்தா முடிஞ்சுது."

அந்தப் புத்தகத்தை எழுதியவன் எல்லைப் பக்கமே வந்திருக்க மாட்டான். நான் எல்லைச் சாவடிக்கு முன்னால் இருக்கிற எடைமேடையில் பத்து வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். லோடு லாரி மேடையில் ஏறி நிற்கும், என் ஜன்னலுக்குள் எண்கள் ஓடி நிற்கும், சீட்டு அச்சாகும். எடை கூடினால் ஓட்டுநர் இறங்கி வந்து ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொள்வார். "மழை கிழை பெஞ்சு தார்ப்பாய் நனைஞ்சிருக்குக்கா, அதான் கூடக் காட்டுது" என்பார் இந்தப் பக்கத்துக்காரர். "தார்ப்பாய் கீர்ப்பாய் நனைஞ்சிருக்கும்க்கா, வழியெல்லாம் மழை" என்பார் அடுத்த லாரியிலிருந்து இறங்குகிற அந்தப் பக்கத்துக்காரர். நம்பர் பிளேட்டை மறைத்துவிட்டால் யார் எந்தப் பக்கம் என்று என்னால் சொல்ல முடியாது. பொய்கூட ஒரே பொய். சொட்டு மழை இல்லாத மாதத்திலும் இரண்டு நாட்டிலும் என் மேடைக்கு வரும் வழியில் மட்டும் மழை பெய்துகொண்டே இருக்கும்.

கீ என்றால் என்ன என்று அதை எழுதியவனுக்குத் தெரியுமா? 'டீ குடிக்கிறீங்களா' என்று கேட்டால் டீ மட்டும்தான். 'டீ கீ குடிக்கிறீங்களா' என்றால், டீ பிடிக்காவிட்டால் வேறு ஏதாவது, அதுவும் வேண்டாமென்றால் சும்மா இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டாவது போங்கள் என்று அர்த்தம். இதைக் கண்டுபிடித்து, நம்பர் போட்டு, அச்சடித்துக் காவலர் கையில் கொடுத்திருக்கிறார்கள். என் வயிறு எரிந்தது.

எரிந்து என்ன செய்ய? வீட்டில் கீயைத் தடை செய்தேன்.

அண்ணி வாயாடி. ஒரு வாக்கியத்துக்கு ஒரு கீயாவது இல்லாமல் அவளுக்குப் பேச வராது. நான் கல்யாணம் செய்துகொள்ளாததைப் பற்றி, "மாப்பிள்ளை கீப்பிள்ளை எவனோ தப்பிச்சான், பாவம் பொழைச்சுப் போகட்டும்" என்று வாரம் ஒருமுறை சொல்லிச் சிரிப்பவள். அவளைச் சுவரோரம் உட்கார வைத்து, ஒவ்வொரு சாமானாக எடுத்துக் காட்டினேன்.

"இது என்ன?"

"சீப்பு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? சீப்புதான். சீப்பு மட்டும்தான் தாயே, சத்தியமா வேற ஒண்ணுமில்ல."

முதல் சில நாள் சிரித்தோம். கீரையையும் கீரியையும்தான் பயமில்லாமல் சொல்லலாம், அதுகளுக்கு ஏற்கெனவே கீ இருக்கிறது என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. "சோறு சாப்பிட்டியான்னு மட்டும் கேட்டா கணக்கு கேக்குற மாதிரி இருக்கு. வீட்டு ஆளுங்ககிட்ட எப்பிடிக் கேக்குறது?" என்றாள். நான் விடவில்லை. தட்டில் கரண்டியால் தட்டினேன். ஒரு கீ வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வைத்தேன். அண்ணன் பேசுவதையே குறைத்துக்கொண்டான், அவனுக்கு அது பெரிய கஷ்டமில்லை.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் குழந்தை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அத்தை, பென்சில் கின்சில் எல்லாம் தொலைஞ்சு போச்சு" என்றாள். என் கை தானாகப் போய் அவள் கன்னத்தில் விழுந்தது. தொலைத்ததற்கு என்று நினைத்துக்கொண்டு அவள், "நாளைக்குத் தேடிப் பாக்கறேன் அத்தை" என்றாள்.

அண்ணி எழுந்து வந்து குழந்தையைத் தன் பின்னால் தள்ளிக்கொண்டாள். "அடிக்கணும்னா என்னை அடி" என்றாள். அதன் பிறகு விசாரணை நாள் வரைக்கும் என் வீட்டில் எல்லோரும் அளந்துதான் பேசினார்கள்.

விசாரணை அறை இரண்டாவது மாடியில். நீளமான மேசை, அதன் மேல் நாடா கட்டிய ஃபைல்கள், மூலையில் தண்ணீர்க் குடம். அதிகாரிக்கு ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தனி மேசையில் தட்டச்சு செய்யும் அம்மா. அறையில் யார் எதைப் பேசினாலும் பேசியபடியே அடிக்க வேண்டும் என்பது அங்கே விதி என்று வக்கீல் சொல்லியிருந்தார். வாசலில் ஒரு காவலர். அண்ணன் உள்ளே வரப் பயந்து கீழே கேட்டருகே நின்றுவிட்டான்.

அதிகாரி கெட்டவராகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"உக்காருங்கம்மா. பயப்படாதீங்க. கல்யாண ஃபோட்டோ கீட்டோ ஏதாவது கொண்டு வந்திருக்கீங்களா?"

நான் எங்களோடு வந்திருந்த வக்கீலைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்தார். அண்ணி ஒன்றும் கவனிக்கவில்லை. அவள் கவனமெல்லாம் தன் வாய்மேல் இருந்தது.

"புகைப்படம் இருக்கிறது ஐயா. இதோ" என்றாள்.

"எங்க பிறந்தீங்க?"

"இதே ஊரில் பிறந்தேன். என் தந்தை செங்கல் சூளையில் வேலை பார்த்தார்."

"பிறப்புப் பதிவு?"

"பதிவு அலுவலகத்தில் வெள்ளம் புகுந்தபோது அந்த வருடத்துப் பதிவேடு அழிந்துவிட்டது."

"சரி, உங்களுக்குச் சாட்சி கீட்சி யாரு வந்திருக்காங்க?"

"என் கணவரின் தங்கை வந்திருக்கிறார்."

என்னைத்தான் 'வந்திருக்கிறார்' என்றாள். நான் முழுசாக மூன்று வாரம் உட்கார்ந்து உருவாக்கிய பேச்சு. ஒரு கீ இல்லை, ஒரு பிசகு இல்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியை ஒருவழியாகக் கண்டுபிடித்து மூக்கில் இறக்கி, அண்ணியை உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த ஊர்ல பிறந்து வளர்ந்தவங்க யாராவது இப்படிப் பேசுவாங்களா? அச்சடிச்ச மாதிரி இருக்கு. யாரோ சொல்லிக்குடுத்துத்தானே பேசுறீங்க? அந்தப் பக்கத்துலேருந்து வர்றவங்களுக்குத்தான் இப்படிப் பாடம் சொல்லிக்குடுத்து அனுப்புவாங்க."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்துவிட்டது. அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன்.

"சொல்லிக்குடுத்தது நான் சார்! எங்க ஊர் மாதிரி பேசினா அந்தப் பக்கத்துக்காரின்னு கம்பெனி வாசல்ல பிடிச்சீங்க. அப்படிப் பேசாம இருந்தா இங்க பிடிக்கிறீங்க. அப்ப அவங்க என்னதான் சார் பண்ணணும்? ஊமையாப் போகணுமா?"

"அம்மா, உக்காருங்க. இங்க சத்தம் கித்தம் போடக்கூடாது."

தட்டச்சு ஓசை இரண்டு நொடி கேட்டு நின்றது.

"மேடம், சார் இப்பச் சொன்னதை அடிச்சீங்களா?" என்றேன்.

"அடிச்சிட்டேன்" என்றார் அந்த அம்மா.

"படிங்க."

அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரிக்கு என்ன நடக்கிறது என்று இன்னும் புரியவில்லை. அந்த அம்மா திரையைப் பார்த்து, பொருள் பட்டியல் வாசிக்கிற குரலில் வாசித்தார். "'இங்க சத்தம் கித்தம் போடக்கூடாது.'"

"அதுக்கு மேல?"

"'உங்களுக்குச் சாட்சி கீட்சி யாரு வந்திருக்காங்க.'"

"இன்னும் மேல?"

"'கல்யாண ஃபோட்டோ கீட்டோ ஏதாவது கொண்டு வந்திருக்கீங்களா.'"

வாசலில் நின்ற காவலர் சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றினார். நான் கையை நீட்டினேன்.

"சார், உங்க கார்டு எங்க?"

அவர் காவலரை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தச் சொன்னார். தட்டச்சு அம்மாவிடம், "நிறுத்துங்க" என்றார். பிறகு கொஞ்ச நேரம் ஃபைல் நாடாவின் முடிச்சை அவிழ்ப்பதும் போடுவதுமாக இருந்தார்.

"எங்க வீட்டுலயும் இப்படித்தான் பேசுறோம். இந்த ஆபீஸ் பூரா இப்படித்தான் பேசுது. எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறீங்களா?"

"தெரியும்னா எழுதுங்க. ரெண்டு பக்கமும் ஒரே பேச்சுதான், நாலாம் அடையாளம் தப்புன்னு எழுதுங்க."

"எழுத முடியாதும்மா. ரெண்டு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். நாலாம் நம்பரை வச்சு மட்டும் இருநூத்திப் பதினாலு பேரை அனுப்பியாச்சு. இன்னிக்கு நான் அது தப்புன்னு எழுதினா அத்தனை ஃபைலும் திரும்பி வரும்."

"வரட்டும் சார்!"

"ஃபைல் வரும். ஆளுங்க வர மாட்டாங்க. எங்க இருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்?" ஜன்னல் பக்கம் தாடையைக் காட்டினார். அந்தத் திசையில்தான் எல்லை.

இருநூற்றுப் பதினான்கு பேர். என் மேடையில் ஏறினால் எத்தனை டன் காட்டும் என்று என் புத்தி தன்பாட்டில் கணக்குப் போட்டது. அந்த நேரத்தில் என்னை நானே வெறுத்தேன்.

"உங்க அண்ணியை நான் அனுப்ப மாட்டேன்" என்றார். "அதுக்கு வழி இருக்கு. மேடம், அடிங்க."

அவர் சொல்லச் சொல்ல அந்த அம்மா அடித்தார். ஒரு தாள் வெளியே வந்தது. மை காயாத அந்தத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். முதல் பத்தியில், அண்ணி 'கார்டு' என்று மட்டுமே கூறினார், காவலர் பிழையாகக் கேட்டுவிட்டார் என்று இருந்தது. அது பொய், ஆனால் யாருக்கும் கெடுதல் இல்லாத பொய். இரண்டாவது பத்தி சாட்சிக்கு, அதாவது எனக்கு.

'எல்லைச் சாவடி எடைமேடையில் பத்து வருடம் பணியாற்றி, இரு பக்கத்து ஓட்டுநர்களின் பேச்சையும் அன்றாடம் கேட்டு வருபவள் என்ற முறையில் உறுதி கூறுகிறேன். நான்காம் அடையாளத்தில் குறிப்பிட்ட வழக்கம் இந்தப் பக்கத்து மக்களிடம் இல்லை.'

"இது எதுக்கு சார்? முதல் பாராவே போதுமே."

"போதாது. நீங்க போட்ட சத்தம் வெளிய வரைக்கும் கேட்டிருக்கும். எனக்கும் ஒரு காகிதம் வேணும்."

அந்தத் தாளை எட்டாகக் கிழித்து அவர் மேசையில் வீச வேண்டும், தட்டச்சு அம்மாவிடம் இருக்கிற மூன்று கீயையும் பிரதி எடுத்து ஊர்ச் சுவரெல்லாம் ஒட்ட வேண்டும் என்று கை துடித்தது. வக்கீல் என் முழங்கையைத் தொட்டார். நான் தட்டிவிட்டேன்.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள் அண்ணி.

"அண்ணி, என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"இதுல நான் கையெழுத்துப் போட்டா இனிமே வர்ற அத்தனை பேருக்கும் இதைத்தான் தூக்கிக் காட்டுவாங்க. எடைமேடைக்காரியே சொல்லிட்டான்னு."

"தெரியுது." அவள் குரல் ஏறவே இல்லை. மூன்று வாரமாக நான் தட்டித் தட்டி அடக்கிய குரல் அது. "நீ போடலன்னா நீ வீட்டுல உக்காந்து கோபப்படுவே. நான் அங்க ரோட்டுல நிப்பேன். என் பொண்ணு ஸ்கூல் விட்டு வருவா. எங்க கையெழுத்துப் போடணும்னு கேளு."

கோபம் என்னுடையது. போக வேண்டியிருந்தவள் அவள். அண்ணி முதலில் போட்டாள், ஒவ்வொரு எழுத்தாக. நான் இரண்டாவது பத்திக்குக் கீழே போட்டேன். தினமும் நூறு சீட்டில் போடுகிற அதே கையெழுத்து. அதிகாரி முத்திரை குத்தினார். கார்டை அண்ணியிடம் கொடுத்தார்.

"சரிம்மா, போயிட்டு வாங்க" என்றார்.

புத்தகத்தில் அது இரண்டாவது அடையாளம்.

வெளியே நடைபாதையில் அண்ணி எனக்கு முன்னால் வேகமாகப் போய்ப் படியில் இறங்கினாள். கார்டை முந்தானையில் முடிந்துகொண்டே இறங்கினாள். என்னால் அந்த வேகத்தில் போக முடியவில்லை. சுவரோரம் நீள பெஞ்சில் அடுத்தடுத்த விசாரணைக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் இருந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். மடியில் பிளாஸ்டிக் உறைக்குள் காகிதங்கள். அழுதுவிட்டு முகம் கழுவி வந்தவள் மாதிரி இருந்தாள். நான் உள்ளேயிருந்து வருவதைப் பார்த்து, பழகியவளிடம் கேட்பது போலக் கேட்டாள்.

"அக்கா, உள்ள பேனா கீனா குடுப்பாங்களா, நாமளே கொண்டு போகணுமா?"

நான் குனிந்து அவள் தோளைப் பிடித்தேன். இறுக்கித்தான் பிடித்திருக்க வேண்டும், அவள் முகம் சுளித்தாள்.

"பேனான்னு சொல்லு. பேனா மட்டும்."

"ஏன்க்கா? நீங்கல்லாம் அப்படிச் சொல்ல மாட்டீங்களா?"

அறைக் கதவு பாதி திறந்திருந்தது. காவலர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டோம்" என்றேன். "எங்க பக்கத்துல யாரும் அப்படிப் பேச மாட்டோம்."

அவள் என் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.